அவரவர் நடந்தே அடையும் வழி

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறப்பினால் ஒன்றுபட்ட நாம் கூடியிருக்கும் இவ்வவையிலே, பிறப்பினால் ஒருவருக்கும் வந்தெய்தாத ஒரு பொருளைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். குலம் தந்தை வழியாக வருகின்றது. வீடும் நிலமும் தாயபாகமாக வருகின்றன. முகச்சாயலுங்கூடத் தாயிடமிருந்தோ பாட்டனாரிடமிருந்தோ வருகின்றது. ஆயின், கடவுளிடத்து ஒருவன் வைக்கும் மெய்யான நம்பிக்கை இங்ஙனம் கைமாறி வருவதன்று. அதனை அவனவனே தேடவேண்டும். அவனவனே கண்டடைய வேண்டும். கிறிஸ்து சமயத்தைப் பற்றிய மட்டில் இவ்வுண்மை எவ்வாறு விளங்குகின்றது என்பதைச் சில பெரியோர் சரித்திரங்களைக் கொண்டு எடுத்துக்காட்ட முயல்கிறேன்.

இப்பொருள் நமக்குத் தொலைவானதன்று. ஒரே பாட்டனாருக்குப் பேரப்பிள்ளைகளாய்ப் பிறந்தவருள் ஒரு சாரார் கோயிலுக்கும் மற்றொரு சாரார் தேவாலயத்துக்கும் செல்லும் குடும்பங்களை நாம் அறிவோம். மகன் வேறு சமயத்தை நாடுகின்றான் என்று கேட்டவுடன் கதவை அடைத்த தந்தையரும் உண்டு. தாம் கண்ட வழியிலே மனைவியும் மக்களும் மறுநாளே வந்து சேரவேண்டுமென்று நெருக்கிய கணவரும் உண்டு. இவ்விரு திறத்தாரும் ஒன்றற்கொன்று மாறானவரைப்போலத் தோன்றினும், இருவரிடத்தும் உள்ள பிழை ஒன்றே. நம்பிக்கை என்பது ஒருவர் மற்றொருவருக்காகக் கொள்ளவோ மறுக்கவோ கூடிய பொருள் என்று இருவரும் எண்ணுகின்றனர்.

கிறிஸ்தவ வேதமே இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. யோவான் எழுதின சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்திலே ஒரு சமாரியப் பெண்ணின் வரலாறு கூறப்பட்டுள்ளது. கிணற்றங்கரையில் இயேசுவோடு பேசிய அவள், தன் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடித் தான் கண்டவரைப் பற்றி எல்லாருக்கும் சொன்னாள். அவள் சொல்லைக் கேட்டுப் பலர் வந்தனர். இரண்டு நாள் இயேசுவைத் தம்மோடு தங்கச் செய்தனர். அதன்பின் அவ்வூரார் அவளை நோக்கி, இனி உன் சொல்லைக்கொண்டு நம்பவில்லை, நாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்னும் கருத்துப்படக் கூறினர். அப்பெண்ணின் சொல் அவர்களை அழைத்து வந்தது. ஆயினும் அழைத்து வந்த சொல்லோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஒருவர் மற்றொருவருக்குச் செய்யக்கூடிய உதவி கிணற்றங்கரை வரை அழைத்துச் செல்வதே. நீரை முகந்து பருகுதல் அவரவர் செயல்.

இதற்கு உதாரணமாக மகாராஷ்டிர தேசத்துத் தம்பதிகள் இருவருடைய சரித்திரத்தை விரிவாகக் கூற விரும்புகிறேன். கணவர் நாராயண வாமன திலகர். மனைவியார் லக்ஷ்மிபாய் அம்மையார். இத்திலகர், தேசத்தலைவராய் விளங்கிய பாலகங்காதர திலகரின் வேறானவர். இவர் 1861ஆம் ஆண்டு இரத்தினகிரி ஜில்லாவிலே சித்பாவன அந்தணர் குலத்திற் பிறந்தவர், சமஸ்கிருதத்திலும் மராட்டியிலும் வல்லவர், சிறந்த கவி. ஓரிடத்தில் நிலைத்திராத இயல்பும், விரைவிற் கோபிக்கும் இயல்பும் அவருக்கு இருந்தன. கடவுள் எல்லாருக்கும் தந்தை, மாந்தர் எல்லாரும் உடன்பிறந்தார் என்னும் கொள்கைகளை அடிப்படையாக வைத்துத் தாமே ஒரு புதிய சமயத்தை நிறுவலாமோ என்றும் அவர் சிந்தித்ததுண்டு.

1893ஆம் ஆண்டு அவர் வேலை நாடி ராஜ்நந்த்காம் என்னும் ஊருக்கு இரயிலிற் சென்றுகொண்டிருந்தார். அவ்வண்டியில் இருந்த ஐரோப்பியர் ஒருவர் அவரோடு சமஸ்கிருதக் கவிதையைப் பற்றிப் பேசத் தொடங்கிச் சமயத்தைப் பற்றியும் பேசி, ஒரு புதிய ஏற்பாட்டுப் புத்தகத்தை அவர் கையிற் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் நீர் கிறிஸ்தவராவீர் என்றும் சொன்னாராம். அவ்வன்பர் பெயரைத் திலகர் ஒருகாலும் அறியவில்லை. அச்சொல்லை அவர் நம்பவுமில்லை. கொடுத்த வாக்குக்காக அப்புத்தகத்தைப் படிக்கலானார். மலைப்பிரசங்கம் வந்த இடத்தில் அவர் உள்ளம் கட்டுண்டது. தாம் நிறுவ எண்ணிய சமயத்தின் கொள்கைகள் முன்னரே ஒருவருடைய வாக்கிலும் வாழ்விலும் விளங்கியிருக்கக் கண்டார். அங்ஙனமாயினும் உடனே எழுந்து ஞானஸ்நானத்துக்கு ஓடினாரல்லர். படித்தார், வினவினார், மனத்தோடு போராடினார். 1895ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10ஆம் நாள் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார்.

சரித்திரத்தை இவ்வளவில் நிறுத்துவோரே பலர். ஆயின் நாம் கேட்கவேண்டிய கேள்வி இனிமேல்தான் எழுகின்றது. அவர் ஞானஸ்நானம் பெற்றபொழுது மனைவியார் அருகில் இல்லை. சிறு குழந்தையாகிய மகனோடு உறவினரிடத்தில் இருந்தார். செய்தி எட்டியபொழுது அவ்வம்மையார் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. கணவர் உயிரோடிருக்கவும் கணவரை இழந்தவராய், சுற்றத்தார் இரக்கத்திற்கும் ஊரார் பேச்சுக்கும் இலக்காய், நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவரைப் பிரிந்து வாழ்ந்தார். அக்காலத்திற் சிலகாலம், விட்டலன் கோயில் கொண்டிருக்கும் பண்டரிபுரத்தில் இருந்தார். பள்ளிக் கல்வி பெறாத அவர் உள்ளத்தில் கவிபாடும் ஆற்றல் எழுந்ததும் அத்துயரக் காலத்தில்தான்.

லக்ஷ்மிபாய் அம்மையார் 1868ஆம் ஆண்டு நாசிக்குக்கு அருகிலுள்ள ஜலால்பூரிற் பிறந்தவர். பதினொரு வயதில் மணம் முடிக்கப்பெற்றவர். அவர் தந்தையாருக்கு ஆசாரத்தின்மீது இருந்த பற்று அளவு கடந்தது. கடையிலிருந்து வரும் பண்டங்களெல்லாம் கழுவித் தூய்மை செய்யப்பட்ட பின்னரே அவ்வீட்டிற்குள் நுழையும். அத்தகைய வீட்டில் வளர்ந்த ஒரு பெண்மணிக்கு, கணவர் பிற சாதியாரோடு உண்ணுகிறார் என்பது கொள்கை பற்றிய செய்தி மாத்திரமன்று. உண்ணும் சோற்றையும் பருகும் நீரையும் பற்றிய செய்தி. நூலறிவுடைய கணவருக்கு வந்த தடை வேறு. அடுப்பங்கரையில் நின்ற மனைவியாருக்கு வந்த தடை வேறு. அவருக்கு வேண்டிய விடை புத்தகத்தில் மாத்திரம் கிடைக்கக் கூடியதன்று.

பின்னர் உறவினர் பலர் தடுத்தும் தம் கணவரிடம் திரும்பி வந்தார். வந்தது கணவரிடத்தேயன்றிக் கிறிஸ்து சமயத்திற்கன்று. தமக்கெனத் தனியே சமைத்தார். தம் ஆசாரப்படி கொணர்ந்த நீரையே பருகினார். திலகர் அதனைத் தடுக்கவில்லை. விரைவிற் கோபிக்கும் இயல்புடைய அவர் இவ்வொரு காரியத்தில் மனைவியாரை வற்புறுத்தவில்லை என்பது நாம் மிகவும் கவனித்தற்குரியது. ஒரே குடும்பத்தில் இரண்டு அடுப்பு எரிவதற்கு அவர் இடங்கொடுத்தார். ஒரே அடுப்பாக வேண்டுமென்று அவர் ஆணையிட்டிருப்பாராயின், அம்மையார் கணவரது ஆணைக்குப் பணிந்திருக்கலாம். கடவுளை அறிந்திருக்க மாட்டார்.

அம்மையாரின் மனம் மாறிய வகை கேட்கத்தக்கது. சாதி வேற்றுமை இறைவன் வகுத்ததா, மனிதர் வகுத்துக்கொண்டதா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அதனைத் தமக்குத்தாமே ஆராய்ந்து, இது மனிதர் வகுத்ததே என்று ஒரு முடிவுக்கு வந்தார். வந்தவுடன், இனி எவர் கையினாலும் உண்பேன் என்று துணிந்து அவ்வாறே செய்தார். எவரும் போதித்து நிகழ்ந்ததன்று அது. பிறகு கிறிஸ்துவைப் பற்றி அறிந்து தெளிந்து, 1900ஆம் ஆண்டில் மகனோடு ஞானஸ்நானம் பெற்றார். கணவர் சென்ற ஐந்தாண்டுக்குப் பின் மனைவியார் சென்றார். சேர்ந்த இடம் ஒன்றே. நடந்த வழிகள் இரண்டு.

இவற்றை நாம் அறிவதற்குக் காரணம், அம்மையார் தம் முதுமையில் மராட்டியில் எழுதிய "ஸ்மிருதி சித்திரங்கள்" என்னும் சுயசரிதமே. அது 1934ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் கணவரைக் குற்றமற்ற தேவராக அவர் வரையவில்லை. அவர் கோபத்தையும் கைச்சிக்கனமின்மையையும் நகைச்சுவையோடு எழுதுகின்றார். கணவர் தொடங்கிப் பத்து அத்தியாயங்களுக்குச் சிறிது மேல் பாடி நிறுத்திய "கிறிஸ்தாயனம்" என்னும் காவியத்தை, அவர் 1919ஆம் ஆண்டு காலமான பின்னர் எடுத்து, அறுபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்களைத் தாமே பாடிச் சேர்த்தவரும் இவ்வம்மையாரே. கணவருக்குப் பின்னால் இழுபட்டு வந்தவராயின் இஃது இயன்றிருக்குமா? தம் காலால் நடந்து வந்தவராதலின், கணவர் நின்ற இடத்திலிருந்து அப்பாலும் நடக்க அவருக்கு வலிமை இருந்தது.

இங்கே நம் தமிழ்க் கிறிஸ்தவர் நெடுங்காலமாய்ப் படித்துவரும் "மோட்சப் பிரயாணம்" நினைவிற்கு வருகின்றது. ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் அதன் முதற்பாகத்தை 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் கிறிஸ்தியான் என்பவன் மனைவி மக்களை விட்டுத் தனியே புறப்படுகின்றான். அவன் மோட்சம் சேர்ந்ததோடு கதை முடிந்ததென்று பனியன் விட்டுவிடவில்லை. 1684ஆம் ஆண்டில் இரண்டாம் பாகம் எழுதி, அவன் மனைவியும் மக்களும் பின்னொரு காலத்தில் தாமே மனந்திரும்பிப் புறப்பட்டுச் சென்றதைப் பாடுபட்டு விவரித்தார். கணவனது பிரயாணம் மனைவிக்குப் பிரயாணமாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். முதற்பாகத்தின் கதையைத் தழுவியே நம் திருநெல்வேலிச் சீமையின் வைணவக் குடும்பத்திற் பிறந்த கிருஷ்ண பிள்ளை அவர்கள் "இரட்சணிய யாத்திரிகம்" என்னும் காவியத்தை இயற்றி 1894ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். 1858ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற அவர், கம்பர்பாற் கற்ற தமிழை விட்டுவிடவில்லை. தாம் கண்ட புதிய பொருளுக்கு அத்தமிழையே ஊர்தியாக்கினார்.

திலகரும் அவ்வாறே. துக்காராமின் அபங்கங்களே தம்மைக் கிறிஸ்துவினிடம் கொண்டு சேர்த்த பாலம் என்னும் கருத்தை அவர் பலகாலும் வெளியிட்டதுண்டு. அந்நிய நாட்டு இராகங்களை மொழிபெயர்த்துப் பாடுவதோடு அமையாது, மராட்டியருக்குரிய அபங்கத்திலும் கீர்த்தனத்திலும் கிறிஸ்துவைப் பாடினார். 1917ஆம் ஆண்டில் மிஷன் சம்பளத்தையும் விடுத்து, சாத்தாராவில் "தேவ தர்பார்" என்னும் அன்பர் கூட்டத்தைத் தொடங்கினார். அதில் ஞானஸ்நானம் பெற்றவர், பெறாதவர் ஆகிய இருதிறத்தாருக்கும் இடமுண்டு. சொந்த வழி என்பது சொந்த மொழியையும் மண்ணையும் துறந்து ஓடும் வழி என்று எண்ணுவோருக்கு இவ்விருவர் வாழ்வும் தக்க விடையாகும்.

இனி, ஞானஸ்நானம் பெற்றதோடு தேட்டம் முடிந்துவிடுமோ என்று வினவுவோருக்குப் பண்டித ரமாபாய் அம்மையார் வரலாறு விடை தருகின்றது. 1858ஆம் ஆண்டிற் பிறந்த இவர், தம் தாய் தந்தையரிடமே சமஸ்கிருதம் பயின்றவர். பஞ்ச காலத்திற் பெற்றோரை இழந்து, தமையனாரோடு பாரத தேசம் முழுவதும் கால்நடையாய்த் திரிந்தவர். கல்கத்தாவிலே பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் பெற்றவர். தமையனாரையும், மணந்து இரண்டாண்டு நிரம்புமுன் கணவரையும் இழந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று 1883ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆனால் அங்கிருந்த குருமாரும் கன்னியரும் சொன்னதையெல்லாம் அவர் தலையசைத்து ஏற்றாரல்லர். திரித்துவத்தைப் பற்றியும் பிற கோட்பாடுகளைப் பற்றியும் வினா எழுப்பினார். புலாலுணவு கொள்ள மறுத்தார். புரோகிதர் ஆட்சியினின்று அரும்பாடுபட்டு விடுபட்ட யான் மற்றொரு கூட்டத்தார் ஆட்சிக்குள் என் மனச்சாட்சியை ஒப்புவிக்க மாட்டேன் என்னும் கருத்துப்படத் தம் ஞானத்தாயாருக்குக் கடிதம் எழுதினார். இஃது அகந்தை என்று அவர்கள் கருதினர். ரமாபாயோ தாம் ஒரு சமயத்தைக் கண்டும் அச்சமயத்தின் தலைவரை இன்னும் காணவில்லை என்பதைத் தாமே உணர்ந்தார். ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய எட்டாண்டு சென்ற பின்னரே, கிறிஸ்துவைத் தமக்குரிய இரட்சகராக அறிந்து அமைதி பெற்றதாகத் தம் சாட்சி நூலில் எழுதுகின்றார். அவ்வமைதியின் பயன் என்ன? 1896, 1897, 1900ஆம் ஆண்டுகளின் பஞ்சங்களில் கேட்பாரற்றுக் கிடந்த பெண்களையும் குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் கொணர்ந்து, கேட்காமில் உள்ள "முக்தி" இல்லத்தில் ஊட்டி வளர்த்தார். எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதத்தை எளிய மராட்டியில் மொழிபெயர்த்தார். 1922ஆம் ஆண்டில் காலமானார்.

சகோதரர்களே, இச்சரித்திரங்களால் நாம் கொள்ளத்தக்கவை யாவை? முதலாவது, கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். குழந்தைப் பருவத்தில் உங்களைக் குருவானவர் கையிற் கொடுத்துப் பெயரிட்டார்கள். தேவாலயத்துப் பதிவேட்டில் அப்பெயர் இருக்கின்றது. அது பெற்றோரின் நம்பிக்கைக்குச் சான்று. உங்கள் நம்பிக்கைக்குச் சான்று நீங்களே தரவேண்டும். ஐயம் எழுந்தால் அஞ்சாதீர்கள். இரவிலே இயேசுவினிடம் வந்து வினவிய நிக்கொதேமுவையும், கண்டாலன்றி நம்பேன் என்ற தோமாவையும் அவர் துரத்திவிடவில்லை. படியுங்கள், வினவுங்கள், தனியே இருந்து ஜெபியுங்கள். பெற்றோர்களும் பிள்ளையின் வினாவை அவிசுவாசம் என்று அடக்கிவிடாதிருக்க வேண்டுகிறேன்.

இரண்டாவது, வேறு சமயத்திற் பிறந்து கிறிஸ்துவை நாடும் வாலிபர்களுக்குச் சொல்கிறேன். நாடுவதற்குக் காரணம் உத்தியோகமா, திருமணமா, வீட்டிலுள்ள பிணக்கா என்று முதலில் உங்களையே சோதியுங்கள். அவை நீங்கியபின்னும் நாட்டம் எஞ்சுமாயின் அதுவே மெய்யான நாட்டம். பெற்றோரிடம் மறைக்காதீர்கள், அவர்களை இகழாதீர்கள். புதிய வழியிற் சென்றவன் முதிய தாயைக் கைவிட்டான் என்னும் பழி வருமாயின், அவன் கண்ட வழியை ஒருவரும் நல்வழியென்று நம்பார். மனைவி மக்களை நெருக்காதீர்கள். மணம் பேசும்பொழுது, பெண் சமயம் மாறினாலன்றித் தாலி ஏறாது என்று நிபந்தனை இடுவோர் எச்சமயத்தாராயினும், அவர்கள் கேட்பது ஒரு பெண்ணின் பணிவை. அவள் நம்பிக்கையை அன்று.

மூன்றாவது, குடும்பத்துப் பெரியோர்களுக்குப் பணிவோடு ஒரு விண்ணப்பம். சமயம் மாறினமையால் ஒருவனது தாயபாக உரிமை அழியாது என்று 1850ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் சட்டம் நிலத்திற் பங்கு கொடுக்கும். வீட்டுப் பந்தியில் இலை போடாது. இலை போட வல்லவர்கள் நீங்களே. உங்களுக்கு உண்டாகும் துயரத்தை யான் எளிதாய் எண்ணவில்லை. வழிவழியாக வந்த விளக்கை ஏற்றுவதற்கு ஒரு கை குறைந்ததே என்னும் ஏக்கம் நியாயமானதே. எனினும், லக்ஷ்மிபாய் அம்மையார் கணவரின் வழியை ஏற்காத நாளிலும் அவரிடம் திரும்பி வந்தார். திலகரும் அவ்வம்மையார் தம் வழிக்கு வாராத நாளிலும் அவர் ஆசாரத்துக்கு இடங்கொடுத்தார். இருவரும் மற்றவரை விட்டுவிடாமலே தத்தம் மனச்சாட்சியைக் காத்துக்கொண்டனர். அவர்களுக்கு இயன்றது நமக்கும் இயலும்.

மகன் சமயம் மாறினால் என்ன செய்வது என்று கேட்போருக்கு எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்துவதான ஒரு விடையை யான் கூறத் துணியேன். ஒன்று மாத்திரம் சொல்வேன். அவன் இன்று கொண்டது மெய்யான நம்பிக்கையாயின், உங்கள் கோபத்தால் அது அழியாது. மெய்யல்லாததாயின், கோபத்தால் அது வைராக்கியமாக இறுகும். எங்ஙனமாயினும் கோபத்தால் வரும் பயன் யாதுமில்லை. பொறுத்திருந்தால், மெய்யானது அவனது நடக்கையில் விளங்கும். மெய்யல்லாதது தானே உதிரும்.

நம் சங்கம் பிறப்பால் அமைந்தது. பிறப்பால் அமைந்த உறவுக்கும் ஒரு கடமை உண்டு. சமயத்தால் வழிகள் பிரிந்த காலத்திலும் பேச்சும் போக்குவரவும் அற்றுப்போகாதபடி காப்பதே அக்கடமை. நன்மையிலும் துன்பத்திலும் நம் வீடுகளின் கதவு ஒருவருக்கொருவர் திறந்திருப்பதாக. ஒவ்வொருவரும் தத்தம் மனச்சாட்சியை விற்காமல் மெய்ப்பொருளைத் தேடுவோமாக. கடவுள் தம்மைத் தேடுவார் எவரையும் வெறுங்கையாய் அனுப்பார் என்று யான் நம்புகிறேன்.